பாவாடை விரிக்கும் வெள்ளணுக்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளை யாரும் சந்தோஷமாகப் பார்க்க வருவதில்லை. வெறும் வயிற்றோடு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து எதுவும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டவர் நீங்கள் என்றால், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நாங்களும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தோம்.

நான் விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் திண்டிவனம் போய் வருகிறவள். ஊசி குத்துவது ஸ்டெல்லா, மைக்ராஸ்கோப் பார்ப்பது நான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, ஊதாச் சாயம் ஊற்றி, கழுவிக் காயவைத்து லென்ஸுக்கு அடியில் வைத்துவிட்டால் எனக்கு உலகம் மறந்துவிடும். கூப்பிட்டால் காதில் விழாது. ஸ்டெல்லா அதைத் தூக்கம் என்கிறாள். நான் வேலை என்கிறேன்.

திருடனைக் காட்டு

ஐப்பசி மழையில் ஊரே காய்ச்சலில் கிடந்த சமயம். ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, தன்னை இந்தப் பாடு படுத்தும் வைரஸை நேரில் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தார். எங்கள் மைக்ராஸ்கோப்பில் வைரஸ் தெரியாது, அது அவ்வளவு பொடிசு, அது வந்ததால் நம் அணுக்கள் என்ன ஆகின்றன என்பது மட்டும்தான் தெரியும் என்றேன். நம்பவில்லை. அவருடைய ஸ்லைடையே காட்டினேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வெளிர் ரோஜா நிறத்தில் சிவப்பணுக்கள், நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக ஊதா நிற வெள்ளணுக்கள். சில வெள்ளணுக்கள் வழக்கத்தைவிடப் பருத்து, ஓரத்தைப் பாவாடை மாதிரி விரித்து, பக்கத்துச் சிவப்பணுக்களை ஒட்டிக்கொண்டிருந்தன. வைரஸ் காய்ச்சலில் அவை அப்படித்தான் ஆகும். பிறகு தலையை நிமிர்த்தி ஏமாற்றத்தோடு சொன்னார்:

"இன்னாம்மா இது, திருடனைக் காட்டுன்னா ஊட்டுக்காரங்க முழிச்சிக்கினு இருக்கறதக் காட்டற!"

மெஷினின் கேள்விக்குறி

அதே மழையில்தான் மேல்சித்தாமூரிலிருந்து நேமிராஜ் நயினார் வந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். கூடவே கல்லூரியில் படிக்கும் மகள் ஸ்ரீமதி. அவளுக்கு விடாத காய்ச்சல், கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. ஸ்டெல்லா ரத்தம் எடுத்து, அணு எண்ணும் மெஷினில் வைத்தாள். திரையில் வெள்ளணுக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி விழுந்தது. முதிராத அணுவாக இருக்கலாம், ஆள் பார்த்துச் சொல்லட்டும் என்று அர்த்தம். முதிராத அணு என்றால் ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

நாங்கள் மறைப்பதற்குள் நேமிராஜ் எட்டிப் பார்த்துவிட்டார். அது என்ன குறி என்று கேட்டார், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருடைய அக்கா அந்த நோயில்தான் போயிருந்தார். அவருக்கும் முதலில் காய்ச்சலும் கழுத்தில் நெறியும்தானாம். மத்தியானம் டாக்டரம்மா வந்து ஸ்லைடைப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். மகளுக்குக் கேட்காத குரலில் அவர் சொன்னார்:

"மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும்மா, அந்தக் கேள்விக்குறிய மட்டும் எடுத்துட்டுக் குடு."

மிரண்ட அணுக்கள்

ஸ்ரீமதியின் ஸ்லைடை வைத்தேன். லென்ஸுக்குள் எங்கு பார்த்தாலும் ஊதா. பெரிய பெரிய வெள்ளணுக்கள். ஒன்று நீண்டு கிடந்தது, ஒன்று பாதி மடித்த தோசை போல இருந்தது, ஒன்று பாவாடையை விரித்து நாலு பேரை வளைத்துக்கொண்டிருந்தது. சொன்னால் பாவம், அவ்வளவு அழகு! பயத்தையும் மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் இவை வைரஸால் பருத்தவையா, புற்று அணுக்களா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு நிமிஷம் அப்படித் தோன்றியது, மறு நிமிஷம் இப்படித் தோன்றியது.

டாக்டரம்மா குடையை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவசரமே படாமல் ஸ்லைடை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தினார். நேமிராஜையும் உள்ளே அழைத்து, வைரஸுக்கான டெஸ்ட்டைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஸ்லைடும் பார்க்க வேண்டும், அதுவரை எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றார். எங்கள் இருவர் முகமும் வாடியதைப் பார்த்திருப்பார் போல, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் ஒரே அச்சா இருந்தாத்தான் புத்தோன்னு எனக்குப் பயம். இதுங்க ஒவ்வொண்ணும் ஒரு தினுசா இருக்குது, வைரஸைப் பாத்து மிரண்டிருக்குதுங்கன்னுதான் தோணுது."

உயிர் உண்டா

நேமிராஜ் உடனே கிளம்பவில்லை. அவர்கள் சமணர்கள், இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. ஸ்ரீமதி பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருந்தாள். அவரோ என் மேஜை அருகில் நின்று, "அந்த வைரஸுக்கு உயிர் இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. வெளியே கிடக்கும்போது வெறும் தூசிதான், அணுவுக்குள் நுழைந்தால்தான் பெருகும், உண்டென்றும் சொல்கிறார்கள், இல்லையென்றும் சொல்கிறார்கள் என்று இழுத்தேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வைரஸ் புகுந்த அணு முதலில் அக்கம்பக்கத்து அணுக்களுக்குத் தகவல் சொல்லும், அவை உஷாராகிவிடும். பல சமயம் அந்த அணு தானே செத்துப்போகும், வைரஸ் தன்னை வைத்துப் பெருக முடியாதபடிக்கு. அப்படிப் போகாததை வெள்ளணு வந்து தொட்டு முடித்துவைக்கும், கோபதாபமெல்லாம் அதற்குக் கிடையாது.

மழை விட்டு, ஜன்னலில் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. எறும்பைப் பார்த்து ஒதுங்கி நடக்கிற மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அத்தனையும் கேட்டார். அவ்வளவு சாவும் தன் மகள் உடம்புக்குள் நடக்கிறது என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு, பாதி என்னிடமும் பாதி மகளிடமுமாகச் சொன்னார்:

"கோவமில்லாம நடக்குதுன்னா சரி. வா கண்ணு, டப்பாவத் தொற, இருட்டறதுக்குள்ள சாப்ட்டுடலாம்."

ரயிலில்

அந்த இரண்டு வாரமும் எனக்கு நிம்மதியே இல்லை. சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மயிலம் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். தண்ணீர் நின்ற வயல்கள் ஊதாவாகும். அந்தப் பெண்ணின் வெள்ளணுக்கள் ஒவ்வொன்றாக மிதந்து வரும். எது மிரண்டது, எது கெட்டது என்று தூக்கத்திலும் பிரித்துக்கொண்டிருப்பேன். விக்கிரவாண்டியில் இறங்குகிற ஸ்டெல்லா ஒருநாள் என் தோளை உலுக்கினாள்:

"அக்கா, நான் எறங்கறேன். நீ விழுப்புரத்துல எறங்குவியா, இல்ல அந்தப் பொண்ணு ரத்தத்துலயே திருச்சி வரைக்கும் போய்டுவியா?"

இரண்டாவது ஸ்லைடு

சொன்ன நாளில் இருவரும் வந்தார்கள். காய்ச்சல் விட்டிருந்தது. சென்னையிலிருந்து, வைரஸ்தான் என்று டெஸ்ட் முடிவும் வந்துவிட்டது. ஆனாலும் ஸ்லைடைப் பார்க்காமல் எனக்கு மூச்சு வரவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு இடத்தை எனக்கு விட்டார். பெரிய வெள்ளணுக்கள் தேடினால்தான் கிடைத்தன. மற்றவை பழையபடி சிறுத்து, உருண்டு, சாதுவாக இருந்தன. ரோஜா நிறத்துக்கு நடுவே அவ்வளவு அமைதி. நான் அழுதுவிட்டேன், லென்ஸில் எல்லாம் கலங்கிப்போனது.

வெளியே வந்து, புற்று இல்லை என்று சொன்னேன். நேமிராஜ் மகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "அப்பா, போதும், எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் கையை விலக்கினாள். அவர் கை அங்கேயே அந்தரத்தில் நின்றது:

"இன்னும் ஒரே ஒரு தபா கண்ணு. எங்க அக்காவுக்கு நான் தொட்டுப் பாத்தப்பல்லாம் பெருசாயிக்கினே போச்சு."

காய்ச்சல் கண்ட வெள்ளணு தானாகத் தெளிந்துவிடும், பெற்றவரின் கையில் இருக்கிற பயம் எப்போது தெளியும் என்று பார்க்க எங்கள் லேபில் இன்னும் மெஷின் வரவில்லை.