ஓரகத்திக்கு நான் வைத்த வசனங்கள்

அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு வந்த குடும்பத்தாரே, ஆண்டவர் என் வேண்டுதலைக் கேட்டார் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் சொல்ல வாயெடுத்தாலே வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் சில்வர் ஓக் மரத்தடியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். மிளகு பறிக்க ஏறிய மூங்கில் ஏணி சரிந்துவிட்டது. காதோரம் ரத்தம். தோட்டத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. "ஏசுவே, யாரையாச்சும் அனுப்புங்க சாமி!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேன்.

அந்த மரத்தால்தான் எங்கள் சண்டையே. மிளகுக்கொடி நாங்கள் ஊன்றியது. அது ஏறிய மரமோ வரப்புக்கு அந்தப் பக்கம், கொழுந்தனாருடையது. காய் யாருக்கு? அதில்தான் என் ஓரகத்தி செல்வியோடு பேச்சை நிறுத்தினேன். வாயால் திட்டவில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கிறவள் ஆயிற்றே நான்! தினமும் விடிந்ததும் அன்றைய திருப்பலி வாசகத்தை எடுப்பேன். பேராசை, பொறாமை என்று அவளுக்கு உறைக்கிற வரியாகத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பேன். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தால்தான் எனக்குக் காப்பியே இறங்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நற்செய்தியோ, காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு சமாதானமாகு என்றது. இது வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். ஒன்றும் வைக்கவில்லை. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி வேறு இருந்தேன், பாருங்கள்! "அவங்க பறிக்கறதுக்குள்ள நாம பறிச்சரோணும், போங்க" என்று வீட்டுக்காரரை விரட்டியதும் நானேதான்.

என் சத்தம் கேட்டு ஓடி வந்தது செல்வி. கொழுந்தனார் ஜீப்பை எடுத்தார். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் என் வீட்டுக்காரர் தலை ஆடாதபடி அவள் மடியில் ஏந்திக்கொண்டு வந்தாள். மலையடிவாரத்துக் காரவள்ளி வந்ததும் அவர் லேசாக முனகினார். எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு செல்வி கேட்டாள்.

"ஏனுங்கக்கா, இன்னைக்கு வசனம் போடலீங்களா?"

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவளோ மேலே சொன்னாள்.

"தினமும் அதைப் படிச்சுத்தானுங்க உங்க மேல இருக்கற கோவத்தை அடக்கிக்குவேன். இல்லீன்னா இன்னைக்கு உங்க சத்தம் கேட்டும் வந்திருப்பனோ என்னமோ."

அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. "உன்னைக் குத்தறதுக்குத்தான் கண்ணு போட்டேன்" என்று அழுதுவிட்டேன்.

"தெரியுமுங்கக்கா. யாரு போட்டா என்ன, சாமி சொன்னதுதானுங்களே?"

நான் தள்ளிய வாசகத்தை அந்த பெஞ்சிலேயே அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. மீதியை அவள் படித்தாள்.

வீட்டுக்காரர் இப்போது நடமாடுகிறார். ஆண்டவருக்கு ஆயிரம் நன்றி. அந்தக் கொடியின் மிளகு இரண்டு வீட்டுக்கும் ஒரே களத்தில் காய்கிறது. நீங்களும் தினமும் வாசகத்தைப் படியுங்கள். இது யாருக்குப் பொருந்தும் என்று மட்டும் தேடாதீர்கள். எந்த வரியைத் தாண்டிப் போகத் தோன்றுகிறதோ, அங்கேயே நில்லுங்கள், ஆண்டவர் பேசுவார்.

ஸ்டேட்டஸ் இப்போது செல்விதான் வைக்கிறாள். முதலில் பார்ப்பது நான்.