பதினேழு குறையுள்ள கார்

என் அக்காவை அந்தக் கார் கொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில், சாவு வீட்டில், வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான்.

"நாப்பத்தேழு வயசுல ரேஸ் கேக்குதா?" என்றாள் சித்தி. "அதுல குலுங்கிக் குலுங்கித்தான் உள்ள ஏதோ பிசகியிருக்கு" என்றார் பெரியப்பா மகன், அக்காவின் வயிற்றைத் திறந்து பார்த்தவர் போல. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நாற்காலிகளை இறக்க வந்த வாடகைக் கடைக்காரரும் சேர்ந்து ஆட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, "கண்ணுல பட்டாத்தானே துக்கம், வித்துத் தொலை" என்று ஆளாளுக்கு ஓதி மாமாவைச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள். மாமா, அக்காவின் கணவர், சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் உறை தைப்பவர். எதிர்த்துப் பேசத் தெரியாதவர். "ஞாயித்துக்கிழமை காலைல ஒருத்தங்க பார்க்க வராங்க, நீயும் வா மாப்ள" என்றார். விற்பதை நான் தடுக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கார் பொய் சொல்லி விற்கப்படக் கூடாது. அது ஏன் என்று புரிய, அக்கா அதை வாங்கிய கதை தெரிய வேண்டும்.

அக்கா பத்தொன்பது வருடம் டவுன் பஸ் ஓட்டினாள். டிப்போவில் அவளுக்குப் பெயர் சைரன். ஷிப்ட் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அன்றைக்கு யார் யார் குறுக்கே வந்தார்கள் என்று கத்தத் தொடங்குவாள். ஆனால் அவள் பிரேக் பிடித்தால் நின்றுகொண்டு வருபவர் கையிலிருக்கும் டீகூடத் தளும்பாது. பஸ்ஸில் வேகம் ஐம்பதுக்கு மேல் போகாதபடி பூட்டு. அந்த ஐம்பதையும் தொட விடாத தெருக்கள்.

டிப்போ மெக்கானிக் ஒருநாள் அவளை ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்துக்குக் கூட்டிப்போனார். மாதத்தில் ஒரு ஞாயிறு, காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். டிராக் டே என்பார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. நேர்ப்பாதையில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கையைக் காட்டி வழிவிட்டால். மெக்கானிக் ஓட்ட, அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாலு சுற்று போய் வந்தாள். அன்று மாலை வீட்டில் யாரையும் திட்டவில்லை. மாமா பயந்துபோய் எனக்கு போன் செய்தார்.

நான் போனபோது அவள் சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பத்தொன்பது வருஷத்துல நான் ஒரு வளைவைக்கூட முழுசா திரும்பினதில்லடா" என்றாள். "எவனாவது குறுக்க வந்துடுவான். இன்னைக்குதான் பார்த்தேன், வளைவுன்னா எப்படி இருக்கும்னு."

அடுத்த வாரமே பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடத் தொடங்கினாள். மெக்கானிக் பெரிய எஞ்சின் உள்ளதாகப் பார்க்கச் சொன்னார். அக்கா கேட்கவில்லை. வண்டி எடை குறைவாக இருக்க வேண்டும். டயர் மலிவாகக் கிடைக்க வேண்டும். எஞ்சினை முடுக்கிவிடும் டர்போ கூடாது. கையிலிருப்பதில் முக்கால் பங்கு காருக்கு, மீதிக் கால் பங்கு பிரேக்குக்கும் டயருக்கும். "ஓடுற வண்டி ஊர் பூரா கிடைக்கும். எனக்கு நிக்கிற வண்டி வேணும்" என்றாள். இன்னொரு நிபந்தனையும் உண்டு. நாளைக்கே அது தடுப்பில் மோதி அப்பளமானாலும் உட்கார்ந்து அழாத விலையாக இருக்க வேண்டும்.

துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். எனக்கு கிளட்ச் எந்தக் காலுக்கு என்றுகூடத் தெரியாது. முதல் கடையில் விற்பனையாளர் நேராக வந்து என் கையைக் குலுக்கினார்.

"சார், நீங்க உட்கார்ந்து பாருங்க. மேடம் அந்தப் பக்கம் உட்காரட்டும்."

"அவனுக்கு சைக்கிள்லயே பேலன்ஸ் வராது" என்றாள் அக்கா. "சாவியை இப்படிக் குடுங்க."

"இது கொஞ்சம் பவர் ஜாஸ்தி மேடம். உங்களுக்கு ஆட்டோமேட்டிக்ல ஒண்ணு காட்டட்டுமா?"

"என் வண்டி பன்னெண்டு மீட்டர் நீளம். உள்ள எழுபது பேர். அதுல பாதிப் பேர் என்னைத் திட்டிக்கிட்டே வருவாங்க. இந்தச் சோப்புப் பெட்டிய நான் சமாளிச்சுக்கறேன்."

ஓட்டிப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் போய் டிக்கியின் விரிப்பைத் தூக்கினாள். அடியில் தகடு ஓரிடத்தில் கசங்கி நிமிர்த்தப்பட்டிருந்தது. "சின்ன உரசல் மேடம்" என்றார் அவர், அப்போதும் என் முகத்தைப் பார்த்து. "உரசலா? இடுப்பே உடைஞ்சிருக்கு" என்று டிக்கியை அறைந்து மூடிவிட்டு வந்தாள். வழியெல்லாம் என்னைத் திட்டினாள். அவர் கையைக் குலுக்கினால் நீ ஏன்டா பதிலுக்குக் குலுக்கினாய் என்று.

இரண்டாவது கார் அவள் நினைத்தது போலவே இருந்தது. இரண்டு இருக்கை, திறந்த கூரை, கரும்பச்சை நிறம். வைத்திருந்தவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். போனிலேயே அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ராத்திரி முழுக்க நின்று ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும், சூடான எஞ்சின் நோயை மறைத்துவிடும் என்பது அவள் கணக்கு. போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

"சுடுது."

"பால் வாங்கப் போயிட்டு இப்பதான் வந்தேன் மேடம்."

"பால் எங்க?"

"கடைல தீர்ந்துபோச்சு."

அக்கா அவர் வீட்டு வாசலிலேயே, வெயிலில், நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம். உள்ளே வந்து உட்காரச் சொன்னார், போகவில்லை. தண்ணீர் கொண்டுவந்தார், வாங்கி என்னிடம் தந்தாள். அவர் மனைவி இரண்டு முறை ஜன்னலில் எட்டிப் பார்த்தார். எனக்கு உயிர் போனது. அக்கா அசையவில்லை. கடைசியில் எழுந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப போடுங்க" என்றாள்.

போட்டார். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல பத்து விநாடி ஒரு தடதடப்பு. பிறகு சத்தம் நின்றுபோனது.

"இந்தச் சத்தம் இருக்குன்னு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே எடுத்துக்கறேன்" என்றாள் அக்கா.

"பழைய வண்டின்னா எல்லாம் அப்படித்தான் மேடம்."

"நான் அதைக் கேக்கல. இருக்கா இல்லையா?"

"எனக்கொண்ணும் கேக்கல."

திரும்பி நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன். அழுகை இல்லை அது, ஆத்திரம். அக்காவுக்கு இரண்டும் ஒரே வழியாகத்தான் வரும்.

மூன்றாவது கார் கிரேன் ஓட்டுபவர் ஒருவருடையது. அதே ரகம், நிறம் வெளுத்த சிவப்பு. அவர் எங்களோடு பேசவே இல்லை. ஒரு தாளை நீட்டினார். பதினேழு குறைகள், எண் போட்டு எழுதியிருந்தார். கூரை ஒழுகும். இரண்டாவது கியர் காலையில் முரண்டு பிடிக்கும். ஓட்டுநர் இருக்கை கிழிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் குறையாக: ஆறிய எஞ்சின் முதல் பத்து விநாடி தடதடக்கும்.

அக்கா தாளை இரண்டு முறை படித்தாள். பானெட்டைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. ஸ்டார்ட் செய்தார், அதே ஆணி டப்பா. அங்கேயே பேசி முடித்துவிட்டாள்.

"இந்தச் சத்தத்துக்குத்தானேக்கா அந்தப் பச்சை வண்டிய வேணாம்னு வந்த?"

"அது மறைச்ச சத்தம். இது சொன்ன சத்தம். புரியலன்னா விடு, நீ ஓட்டப்போறதில்ல."

மாமா புது உறை தைத்து இருக்கைக் குறையை நீக்கினார். அக்கா தாளில் அதைக் கோடு போட்டு அடித்தாள். ஒன்றரை வருடத்தில் பதினொன்றை அடித்துவிட்டாள். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள். பதினாறு ஞாயிறுகள் தடத்தில் ஓட்டினாள். இவளைவிட வேகமான கார்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் எல்லோருக்கும் கடைசியில் பிரேக் பிடிப்பவள் இவள்தான் என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டு திரிவார்.

பதினேழாவது ஞாயிறு போகவில்லை. வயிற்று வலி.

தெருமுனை டாக்டர் வாயு என்றார். மறுபடி போனாள், மறுபடி வாயு. மூன்றாவது முறையும் அதே மாத்திரை. மூன்று மாதம். அந்த மூன்று முறையில் ஒரு முறைகூட அந்த ஆள் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கை வைத்தவர் உடனே நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். அப்போது காலம் கடந்திருந்தது.

"ஊரையே திட்டுவியே, அவர்கிட்ட ஏன்க்கா கத்தல?" என்று கட்டிலருகே நின்று கேட்டேன்.

"அவர் படிச்சவருடா" என்றாள்.

இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பழைய காருக்காக வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவள், தன் உடம்புக்காக அந்த அறையில் மூன்று நிமிடம் கூடுதலாக உட்காரவில்லை. அவரை எழுந்து வந்து தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. இவர்களோ காரைச் சொல்கிறார்கள்.

காரைப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்ன அந்த ஞாயிறு மாமா வீட்டுக்கு முன்கூட்டியே போனேன். கொட்டகையில் கார் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பானெட்டில் கை வைத்தேன். சுட்டது.

வாழ்நாளில் நான் மாமாவிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க மாமா இதை? சூடு பண்ணி விக்கிறீங்களா? அவ காரையா?"

"கத்தாத மாப்ள..."

"அவ ஒருத்தன் வாசல்ல நாய் மாதிரி காத்துக் கிடந்தது இதுக்காகத்தானே! நீங்களும் அவனும் ஒண்ணா?"

மாமா கார் துடைத்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"தினமும் போடுறேன்டா" என்றார். "அவ ஷிப்ட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஓட விடுவா இல்ல? அந்தத் தடதட கேக்கும். அது நின்னதும் நான் டீ போடுவேன். இன்னைக்கும் கை தானா போட்டுடுச்சு. ஆள் வர்றது ஞாபகமே இல்ல."

என் கோபம் போகவில்லை. யார் மேல் வைப்பது என்று தெரியாமல் அது அப்படியே நின்றது. அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். தனியாகவே வந்திருந்தார்.

"ஏன் விக்கிறீங்க?" என்று மாமாவைக் கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஓட்டினவங்க எங்க அக்கா. செத்துட்டாங்க. காரால இல்ல. தொட்டுக்கூடப் பார்க்காம மூணு மாசம் மாத்திரை எழுதின ஒரு டாக்டரால. தெருவுல வேற மாதிரி சொல்லுவாங்க, நம்பாதீங்க." என் குரல் பக்கத்து வீடுவரை போயிருக்கும். போகட்டும் என்றுதான் சொன்னேன். "அப்பறம், எஞ்சின் சூடா இருக்கு. இப்ப ஸ்டார்ட் பண்ணா ஒண்ணும் தெரியாது. ஆறினா சத்தம் வரும். நீங்க மூணு மணி நேரம் இருக்கணும்."

"மூணு மணி நேரமா?"

"ஆமா."

அந்தக் குறைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அடித்தவை பதினொன்று, அடிக்காதவை ஆறு. அவர் படித்தார். மேலே இருந்த முதல் குறையில் விரலை வைத்து நிறுத்தினார். "இந்தச் சத்தமா?" என்று கேட்டுவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

ஆறியதும், நான்தான் போடுவேன் என்றார் மாமா. போட்டார். ஆணி டப்பா பத்து விநாடி குலுங்கியது. அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தத்துக்காக விலையைக் குறைத்துக் கேட்டார். நியாயம்தான். மாமா சரி என்றார். இருக்கையில் உட்கார்ந்ததும் தையலைத் தடவிப் பார்த்து, "இது யார் தைச்சது? நல்லா இருக்கே" என்றார். மாமா கார் வெளியே போகக் கொட்டகையின் கதவை அகலத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு எனக்கு போன் வந்தது.

"மாப்ள, டீ போட்டியா?"

"இல்ல மாமா."

"நானும் இன்னும் போடல" என்றார்.