ஏழு இரண்டாக விழுந்தது

குத்தாலம் கடைத்தெருவில் ஒரு பாய் டைப்பிங் கடை வைத்திருந்தார். வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. விசா விண்ணப்பம், பயோடேட்டா எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். பாயும் பல வருஷம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர்தான். அவர் வேலை பார்த்த ஆபீசில் கழித்துப்போட்ட கீபோர்டைக் கம்பளிக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தார். கடையில் வேலை பார்த்த பெண் அதில்தான் அடிப்பார்.

அடுத்த தெருவில் ரேடியோ, மிக்சி பழுது பார்ப்பது என் தொழில். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச்சும் வராது.

ஒருநாள் காலை பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பாஸ்போர்ட் நம்பரில் ஒரு ஏழு கூடுதலாக இருந்ததால் ஒரு விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. இப்படி வருவது மூன்றாவது தடவை.

"கவனமில்லாம அடிக்குது. இன்னொரு தப்பு வந்தா வேற ஆள் பாத்துக்குவேன்னு சொல்லிட்டேன். எதுக்கும் நீங்க பாருங்க. கோளாறு போர்டுலயா, விரல்லயா?" என்றார் பாய்.

"நான் ஒரு தடவதான் பாய் அடிக்கிறேன். அதுவா ரெண்டு விழுது" என்றார் அந்தப் பெண்.

"ஆமா, உள்ள ஜின் உக்காந்து அடிக்குது."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் போர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ஏழு என்ற பட்டனைப் பத்து தடவை அழுத்தினேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் எண்ணினார். பதின்மூன்று இருந்தது. எட்டு இரண்டிரண்டாக விழுந்தது. மூன்று சில சமயம் விழவே இல்லை. எழுத்துகளில் ஒரு குறையும் இல்லை.

"விரல் இல்ல பாய், போர்டுதான்" என்றேன்.

பாய் அதோடு விடவில்லை. "இத்தன நாள் நல்லாத்தானே இருந்திச்சு? டீயக் கொட்டிட்டியாம்மா? மேசையில டீ வெக்கக்கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? அப்படி இருந்தா இன்னிக்கே வீட்டுக்குக் கிளம்பிடலாம்."

"டீ இல்ல பாய்."

போர்டைத் திருப்பினேன். ஒரு கையால் பிடிக்க முடியாத கனம். பின்னால் இருந்த ஒட்டுத்தாளில் பாதி கிழிந்திருந்தது. நான் அதுவரை பிரித்த கீபோர்டுகள் லேசானவை. உள்ளே ஒரே ரப்பர் தாள், கெட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். இதில் ஒரு பட்டனை நெம்பி எடுத்ததும் அடியில் நீலத் தண்டோடு தனி சுவிட்ச் தெரிந்தது. அழுத்தினால் டக்கென்று சத்தம். ஒவ்வொரு பட்டனுக்கும் இப்படித் தனித்தனி சுவிட்ச். அதனால் ஒவ்வொன்றாகச் சரி பண்ணலாம் என்று தைரியம் வந்தது. பட்டன்களில் ஆங்கிலத்தோடு அரபியும் இருந்தது. இடம் மாறிவிடக் கூடாதென்று செய்தித்தாளில் அதே வரிசையில் எடுத்து வைத்தேன்.

எண் வரிசையில் மட்டும் சுவிட்சுகளைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம். ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"என்ன அது?" என்றார் பாய்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொன்னால் வேலை போவது அந்தப் பெண்ணுக்கு. பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை. "டீ இல்ல பாய்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெண்ணே முன்னால் வந்தார். "பூஜைக்கு நான்தான் பொட்டு வெச்சேன் பாய். எல்லாத்துக்கும் சந்தனம் பத்தல, அதான் மேல் வரிசைக்கு மட்டும். மறுநாள் ஈரத்துணியால தொடச்சேன். உள்ள எறங்கும்னு தெரியல."

பாய் குனிந்து அந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாகூர்லேந்து வந்த சந்தனம். நான்தானே வூட்லேந்து கொண்டாந்து குடுத்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "முழிச்சிக்கிட்டு நிக்காதீங்க. சரியாகுமா, ஆகாதா?"

ஊசியில் ஸ்பிரிட் எடுத்து ஒவ்வொரு சுவிட்சிலும் இரண்டு சொட்டு விட்டேன். கால் மணி நேரம் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். எட்டும் மூன்றும் தெளிந்தன. ஏழு மட்டும் வழிக்கு வரவில்லை. மேலே வலது பக்கம் ஒரு பட்டன் இருந்தது. அதைத் தொட்டதே இல்லை என்றார் அந்தப் பெண். அதன் சுவிட்சையும் ஏழின் சுவிட்சையும் ஈயத்தை உருக்கிக் கழற்றி, இடம் மாற்றிப் பற்றவைத்தேன்.

திரும்பி வந்த விண்ணப்பத்தின் பாஸ்போர்ட்டை பாய் கையில் எடுத்து நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தார். அந்தப் பெண் அடித்தார். பாய் திரையில் விரல் வைத்துச் சரி பார்த்தார். அழிக்கச் சொல்லி மறுபடி வாசித்தார். மூன்றாவது தடவை வேண்டுமென்றே வேகமாக வாசித்தார். மூன்று தடவையும் நம்பர் பிசகவில்லை.

பாய் கண்ணாடியைக் கழற்றி வாசலைப் பார்த்தார். பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

"அடுத்த ஆள உள்ள வரச் சொல்லும்மா" என்றார்.