முப்பத்தாறு மார்க் கெட்டிக்காரி

பரீட்சை முடிய இருபது நிமிடம் இருக்கும்போது என் அக்கா மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கூட்ட ஆரம்பிக்கிறாள். வினாத்தாளின் ஓரத்தில், பென்சிலால், தனக்கு வரப்போகும் மார்க்கை. இதற்கு எட்டு, இதற்கு ஐந்து, இதில் பாதி. மொத்தம் ஐம்பத்திரண்டு. பாஸாக நாற்பது போதும். வேறு பிள்ளை என்றால் அப்பாடா என்று எழுந்து வந்திருக்கும். இவள் பதினாறு மார்க் விடை ஒன்றைத் தேடிப்பிடித்து, ஸ்கேல் வைத்து, நேராகக் கோடு போட்டு அடிக்கிறாள். முப்பத்தாறு. தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடிக்கிறாள்.

இதை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"மாமா, ஐம்பத்திரெண்டுல பாஸானா அது சாகிற வரைக்கும் கூடவே வரும். ஃபெயிலானா ஆறு மாசத்துல திரும்ப எழுதலாம். அப்ப வாங்கறதுதான் மார்க்."

மேல்படிப்புக்கு ஒவ்வொரு பாடத்திலும் அறுபது வேண்டுமாம். குறைந்தால் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்க மாட்டார்களாம். அந்தப் படிப்பைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். "எனக்கு மெதுவாத்தான் ஏறும் மாமா. ஏறிடுச்சுன்னா இறங்காது" என்பாள். போன வருடம் இப்படித் தோற்று, திரும்ப எழுதி, எழுபத்தொன்று வாங்கினாள். நான் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். வண்டி தாமதமாக வந்தால் தாமதம் என்று எழுதுவேன். தெரிந்தே தாமதமா, தெரியாமல் தாமதமா என்று இரண்டு கட்டம் என் நோட்டில் கிடையாது. இவள் கதை எனக்குத் தலைகால் புரியவில்லை.

நடந்துகொண்டேதான் படிப்பாள். வீட்டுச் சுவரில் அவள் தோள் உயரத்துக்கு ஒரு நீண்ட அழுக்குக் கோடு இருக்கிறது. கை உரசி உரசி வந்தது. கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் பத்தைக் கழித்துக்கொள்வாள். அப்புறம் எதற்கடி அது என்று கேட்டால், "அது கெடக்கு மாமா" என்பாள். எதற்கும் அதுதான் பதில்.

அவளைப் பார்த்து வகுப்பில் இருபது பேர் ஸ்கேலோடு பரீட்சைக்குப் போனார்கள். கல்லூரி விழித்துக்கொண்டது. அடித்த விடையும் திருத்தப்படும் என்று அறிவித்தார்கள். இவர்கள் தடுக்கில் பாய்ந்தால் அவர்கள் கோலத்தில் பாய்கிறார்கள்! இவள் அசரவில்லை. அந்தத் தடவை ஒரு விடையைத் தப்பாகவே எழுதிவிட்டு வந்தாள்.

"சும்மா கிறுக்கினா கண்டுபிடிச்சிடுவாங்க மாமா. நிஜமாவே தெரியாதவ பண்ற தப்பா இருக்கணும். அதுக்கு ரொம்பப் படிக்கணும்."

தோற்பதற்கு ராத்தூக்கம் இல்லாமல் படித்த பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அதே முப்பத்தாறு வந்தது. அந்த வாரமே புதிய அறிவிப்பும் வந்தது. திரும்ப எழுதுகிறவர்கள் என்ன எழுதினாலும் இனி நாற்பதுக்கு மேல் கிடையாது. கீழே சின்ன எழுத்தில், உண்மையிலேயே பாடம் தெரியாமல் தோற்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதைக் குழு விசாரித்து முடிவு செய்யும் என்றிருந்தது.

"படிச்சவளுக்குத் தண்டனை, படிக்காதவளுக்குச் சலுகை. என்ன ரூல் மாமா இது?" என்றாள். எனக்கென்ன தெரியும்? அக்காதான், "தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டாளே!" என்று ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "டேய், நீ இவகூடப் போ. ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிட்டு வரச் சொல்லு. வாயைத் திறந்தா படிப்பு போச்சு."

விசாரணை ஒரு காலி வகுப்பறையில் நடந்தது. முதல்வர் அம்மா, தேர்வுப் பிரிவு அதிகாரி, வயதான கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சில் நான். இவள் தப்பாக எழுதிய அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வரி எழுதினாள். அழித்தாள்.

"தெரியலை சார்."

"அடுத்து என்ன வரும்னாவது?"

"தெரியலை சார்."

சின்ன வயதில் பொய் சொன்னதற்காக அவள் காதைத் திருகியவன் நான். இப்போது, கடவுளே, இந்தப் பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் மக்காகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எது சரி, எது தப்பு என்று அந்த நிமிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் தெரியலை சார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல்வர் அம்மா உச்சுக் கொட்டினார். "பாவம், நிஜமாவே தெரியலை போலிருக்கு." அதிகாரி விலக்குப் படிவத்தை இழுத்து வைத்துப் பேனா மூடியைத் திறந்தார். எனக்கு உயிர் வந்தது.

வாத்தியாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இங்க வாம்மா, இவ்வளவுதான் விஷயம்" என்று அவரே சாக்பீஸை வாங்கி, வரி வரியாகப் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர். அவள் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். கடைசிக்கு முந்தின வரியில் ஆட்டுவதை நிறுத்தினாள். வகுத்தலில், கோட்டுக்கு மேலே வர வேண்டியதை அவர் கீழே எழுதியிருந்தார். அவர் கைதவறி எழுதினாரா, வேண்டுமென்றே எழுதினாரா, எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போடக் குனிந்தார். அவள் அந்த வரியையே பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

பிறகு கையை நீட்டி, அந்த வரியை உள்ளங்கையால் அழித்தாள். வாத்தியாரின் விரலிலிருந்து சாக்பீஸை மெதுவாக எடுத்து, கீழே இருந்ததை மேலே எழுதினாள், மேலே இருந்ததைக் கீழே எழுதினாள், நிறுத்தாமல் கடைசி வரியையும் எழுதி முடித்தாள்.