பச்சை மோட்டார் சைக்கிளின் சத்தம்

மலாக்காவின் சில பகுதிகள் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களின் நடமாட்டம் ஓய்ந்த ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டு ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் தளர்ந்தது 1953 செப்டம்பரில். நான் எழுதுவது அதற்கு முந்தைய ஆண்டைப் பற்றி. சித்திரைப் புத்தாண்டு கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இரண்டு வாரத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

அப்போது நான் துரியான் துங்கால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிரஸர். மருந்து கலப்பது, ஊசி போடுவது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாத பிரசவங்களைப் பார்ப்பது எல்லாம் என் வேலை. தோட்டத்தின் கடைசிப் பிரிவான கடைசி டிவிஷன் மலைச்சரிவில், வெகு உள்ளே இருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை; மழை பெய்தால் பாதையும் கிடையாது. சைக்கிளில்தான் போய்வந்தேன்.

மோட்டார் சைக்கிள் வாங்குவதற்கு முந்தைய ஆண்டு அடைமழையில் அங்கே ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. மட்கார்டில் சேறு அடைத்து சக்கரம் சுற்ற மறுத்தது. பாதித் தூரம் சைக்கிளைத் தோளில் சுமந்தேன். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலிக்கு வந்து சேர்ந்தபோது ஊரடங்கு தொடங்கி கேட்டைப் பூட்டியிருந்தார்கள். திறக்க அனுமதி வாங்கி உள்ளே போனபோது குழந்தை இறந்து கிடந்தது. “ஐயா நனைஞ்சிட்டாரு, கொஞ்சம் தேத்தண்ணி குடுங்க” என்றாள் அவள், தன் மாமியாரிடம். அந்தத் தேநீரைக் குடித்தேன்.

இந்தச் சித்திரையில் அதே பெண் மறுபடி ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தாள். ரத்தம் குறைவு, அடிக்கடி தலைசுற்றல். அதனால்தான் மோட்டார் சைக்கிள்.

என் மனைவியின் தம்பி பட்டணத்தில் லாரி ஓட்டினான். அவன்தான் பத்து பெரண்டாம் சாலையில் ஒரு சீனர் பட்டறைக்கு அழைத்துப் போனான். விற்பனைக்கு இரண்டு வண்டிகள். ஒன்று ராணுவம் கழித்துவிட்ட பச்சை நிற வண்டி, உயரமானது, கனமானது. மற்றொன்று நில அளவைக்காரர் ஒருவர் வைத்திருந்த சின்னக் கறுப்பு வண்டி. அதன் வயிறு தரையைத் தொட்டுவிடும்போல் தாழ்ந்திருந்தது.

“மச்சான், இது மோட்டாரா, ஆட்டுக்குட்டியா?” என்று மைத்துனன் கறுப்பு வண்டியைக் காலால் தட்டினான். “கல்லு தட்டுனா வயிறு கிழிஞ்சிரும்லா.”

நான் அவன் பேச்சை மட்டும் நம்பி வாங்குகிறவன் அல்ல. இப்படிப்பட்ட வண்டிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். நூல் பிடித்து இரு சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் சட்டம் வெடித்து ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினேன். முன்சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டினேன். செயினைப் பின் பல்சக்கரத்திலிருந்து இழுத்துத் தேய்மானம் பார்த்தேன். பட்டறை முதலாளியான தவுக்கே சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல், “இவர் மோட்டார் வாங்க வந்தாரா, பெண் பார்க்க வந்தாரா?” என்று மலாயில் கேட்டார். பட்டறையே சிரித்தது.

பச்சை வண்டியை புக்கிட் பெருவாங் சரிவில் ஓட்டிப் பார்த்தேன். இன்று வீடுகள் அடைந்து கிடக்கும் அந்த இடம் அன்று ரப்பர் மரங்களாக இருந்தது. முதல் கியரில் விட்டால் வேர், கல், பள்ளம் எதற்கும் அஞ்சாமல் ஏறியது. ஓடையைக் கடந்தபோது சைலன்சருக்குள் ஒரு சொட்டு நீர் புகவில்லை. சத்தம்தான் கொஞ்சம் அதிகம். அடித்தொண்டையில் திம் திம்மென்று துடித்தது. “சிங்கம் மாதிரி இருக்கு மச்சான்!” என்றான் மைத்துனன். எனக்கும் அது பிடித்திருந்தது. அதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுநாள் கடைசி டிவிஷனுக்குக் கிளம்பினேன். முன்பு அரை நாள் தின்ற பாதை. வெயில் ஏறுவதற்குள் பால்மரக் காட்டின் கடைசி மேட்டைத் தாண்டி இறங்கினேன்.

கீழே பாதையோரம் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள், வாளிகளைக் காலடியில் வைத்துவிட்டு வந்து நின்றிருந்தார்கள். ஏதோ விபத்து என்று நினைத்தேன். நெருங்கியதும்தான் தெரிந்தது. தேத்தண்ணி போத்தல்களின் மூடியைத் திறந்து கையில் பிடித்திருந்தார்கள். தலைத்துணியை அவிழ்த்திருந்தார்கள். முன்னால் நின்ற வயதான அம்மா கொண்டையைப் பிரித்து, நரைத்த முடியை இரண்டு கையாலும் உதறிக் காட்டிக்கொண்டு நின்றார்.

காட்டில் பதுங்கியிருந்த கெரில்லாக்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு பருக்கை சோறு கொண்டுபோகத் தடை இருந்த காலம் அது. திடீர்ச் சோதனைக்கு வரும் லாரிகளுக்கு முன்னால் இதே வகை மோட்டார் சைக்கிள்தான் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் வேலையை விட்டு வந்து வரிசையில் நின்று, போத்தலிலோ முடியிலோ சோறு ஒளித்து வைக்கவில்லை என்று காட்ட வேண்டும். நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். நூல் பிடித்துப் பார்த்த நேரத்தில் இது ஒன்றுதான் நினைவுக்கு வரவில்லை.

இஞ்சினை அணைத்தேன்.

“அடி ஆத்தே, நம்ம டிரஸரு ஐயா!” என்றது ஒரு குரல்.

“ஐயாவா? நல்லா வந்தாரு போ. வயித்துல புளியைக் கரைச்சிட்டாரு.”

“வாங்குனதுதான் வாங்குனீங்க, பட்டாளத்தான் ஓட்டித் தேச்சுப் போட்டதையா வாங்கணும்? வேற மோட்டாரு ஆப்பிடலையா?”

சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று முடியை முடிந்துகொண்டார். என் தாய் வயது அவருக்கு. நான் பெட்ரோல் டாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கர்ப்பிணிப் பெண் வரிசையில் இல்லை. அவளுக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குக் கீழே ஓடிய கால்வாய் ஓரத்தில் குந்தியிருந்தாள். முகம் வெளுத்துப்போய், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

“நீங்கதானா ஐயா? அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுட்டேனே.”

“என்னத்தைப் போட்டே?”

அவள் தண்ணீரைக் காட்டினாள். கலங்கிய நீரில் வாழையிலைத் துண்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சோற்றுப் பருக்கைகள்.

“நீங்கதானே சொன்னீங்க, வெறும் வயித்தோட நிக்காதே, நடுவுல ஒரு பிடி சாப்பிடுன்னு. மடியில முடிஞ்சு கொண்டாந்தேன். வாயில வைக்கப் போறப்ப சத்தம் கேட்டுச்சு.”

போன முறை வந்தபோது அதைச் சொன்னவன் நான்தான். எங்கே வைத்துச் சாப்பிடுவாள், எப்படிக் கொண்டுவருவாள் என்று கேட்காமல், மருந்து எழுதுவதுபோல் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அவளும் பயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அதைச் செய்திருக்கிறாள். என் பையில் இரும்புச்சத்து மாத்திரை இருந்தது, சோறு இல்லை. நாடி பார்த்தேன்.

பட்டறையில் சைலன்சரை மாற்றிப் பார்த்தார்கள். சத்தம் குறைந்தது, அந்தத் துடிப்பு போகவில்லை. அடுத்த முறை மேட்டிலிருந்து இறங்கியபோது இரண்டு பெண்கள் போத்தல் மூடியைத் திறந்துவிட்டு, பிறகு என்னைத் தெரிந்துகொண்டு மூடினார்கள். கை தானாகப் போகிறது, மனசுக்குத் தெரிவதற்கு முன்னால். அந்த ஞாயிற்றுக்கிழமை பச்சை வண்டியைக் கொடுத்துவிட்டுக் கறுப்பு வண்டியை எடுத்தேன்.

“பைத்தியமா மச்சான் உங்களுக்கு? மலையேறுற குதிரையைக் குடுத்துட்டு ஆட்டுக்குட்டியா?” என்று கத்தினான் மைத்துனன்.

கொண்டையைப் பிரித்து நின்ற அந்த அம்மாவைப் பற்றி அவனிடம் எப்படிச் சொல்வது? “அதுல கால் எட்டல” என்றேன். அன்று தொடங்கிய கேலி. இன்றும் குடும்பக் கல்யாணங்களில் என்னைக் கண்டால், “மாமாவுக்கு முக்காலி போடுங்க” என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. இருக்கட்டும்.

கறுப்பு வண்டி தையல் மெஷின்போல் சத்தமிட்டது. வயிறு கல்லில் இடித்தது. கடைசி மேட்டில் ஒருநாளும் தானாக ஏறியதில்லை. இறங்கித் தள்ள வேண்டும். ஆனாலும் சைக்கிளைவிட வேகம்தான். அவளுக்கு ஆவணியில் வலி கண்டபோது கேட் பூட்டுவதற்கு முன்பே உள்ளே போய்விட்டேன். பெண் குழந்தை, பிறந்ததும் வீறிட்டது. மாமியார் கொடுத்த தேநீரை அன்றும் குடித்தேன்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தப் பிரசவம் அல்ல. கறுப்பு வண்டியில் முதல் முறை போன காலை. வேர்த்து விறுவிறுத்து மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தேன்.

“ஐயா, மோட்டாரு உங்களைக் கூட்டியாருதா, நீங்க மோட்டாரைக் கூட்டியாறீங்களா?” என்று ஒருத்தி மரத்தடியிலிருந்தே கேட்டாள். யாரும் பால் சீவும் உளியைக் கீழே வைக்கவில்லை. அந்த வயதான அம்மா தலையைத் திருப்பவில்லை. அவருடைய உளி மரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கர்ப்பிணிப் பெண் தன் நிரையின் கடைசி மரத்தடியில், எனக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் இலை. சத்தம் கேட்டுத் திரும்பினாள், என்னைப் பார்த்தாள், கை இலைக்கு மேல் ஒரு கணம் நின்றது. பிறகு வாய்க்குப் போயிற்று.

நான் வண்டியை அங்கேயே நிறுத்தினேன். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, ஒரு கோளாறும் இல்லாத பிளக்கைக் கழற்றி, அவள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை துடைத்துக்கொண்டிருந்தேன்.