சகுந்தலாவின் படத்துக்கு மாலை

திருவிடந்தைப் பெருமாள் கோயில் வாசலில் மாலை விற்ற சகுந்தலாவுக்கு முப்பத்தைந்திலேயே தலை பஞ்சாகிவிட்டது. கல்யாணம் கூடாதவர்கள் மாலை சாத்திவிட்டுப் போகும் கோயில் அது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பூக்கட்டியவள், கட்டியவன் போய்ச் சேர்ந்தபின் ஒண்டிக்கட்டை. வாய் மட்டும் ஊருக்கே காணும்.

தொண்ணூற்றெட்டில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டைப் பிடித்துச் சினிமா எடுக்க வந்தார்கள். நாற்பது வயதுத் தடியன் ஒருவன் வேலைவெட்டி இல்லாமல் பாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறான், கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் வழுக்கி விழுவதும் வேட்டி அவிழ்வதும். பாட்டி வேஷக்காரி வராமல் போக, நரைத்த தலையைப் பார்த்துச் சகுந்தலாவை இழுத்துப்போனார்கள். பேரனாக நடித்தவன் அவளைவிட மூத்தவன். "டேய் பேராண்டி" என்று அவள் அவன் முதுகில் சாத்தியதற்கு யூனிட்டே உருண்டு சிரித்தது.

கடைசியில் பாட்டி செத்துப்போகிறாள். மடிசாரும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக அவளைப் படம் பிடித்து, பெரிதாக்கி, மாலை போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அவளுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போட்டால், காட்சி முடிந்ததும் கழற்றி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, படத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுவது அந்தக் கம்பெனியின் வழக்கம். அன்று பார்த்துப் பேய்மழை. சாமான்களை வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். படத்தை யாரும் நினைக்கவில்லை. மெட்ராஸுக்குப் போயிருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறுவருஷம் சகுந்தலா ஆளே மாறிப்போனாள். உச்சிப்பொழுதானால் கண் செருகும். பூக்கூடைமேல் சாய்ந்தால் உலுக்கினாலும் எழ மாட்டாள். எழுந்தால் கழுத்து கனக்கும், மூக்கில் ஊதுவத்தி வாசனை அடிக்கும். கூவிக் கூப்பிட்டாலும் எதிரே போகிறவர்கள் திரும்புவதில்லை. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறோம் என்றே நம்பினாள்.

அவளிடம் விடாமல் மாலை வாங்கியது ஸ்ரீதேவி ஒருத்திதான். திருநெல்வேலிப் பக்கம், புருஷனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. மாலை பெருமாளுக்கு என்றே சகுந்தலா நினைத்திருந்தாள். ஒருநாள் ஸ்ரீதேவி வரவில்லை. மாலை வாடுகிறதே என்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே போனாள்.

சினிமா எடுத்த அதே வீடு. கூடத்தில் விளக்கு எரிந்தது. விளக்குக்கு மேலே, நேற்றைய மாலையோடு, மடிசார் கட்டிய அவள்.

"இது யாரும்மா?" என்றாள் சகுந்தலா.

"வீட்டு ஓனரோட அம்மாவா இருக்கும். நாங்க குடிவரும்போதே இருந்தாங்க. ரொம்ப சக்தி. மூணு தடவ கலைஞ்ச எம் பொண்ணுக்கு இப்ப எட்டு மாசம். நேத்துதான் கூட்டிட்டு வந்தேன், உள்ள படுத்திருக்கா. நீங்க இந்த ஊருதான? இவங்க என்னைக்குச் செத்தாங்கன்னு தெரியுமா? திதியன்னைக்குப் படைக்கணும்."

"சாவல. நான்தாம்மா அது. சினிமாவுக்குப் புடிச்ச படம். குடு, எடுத்துகினு போயிட்றேன்."

ஸ்ரீதேவி படத்தைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப தெனமும் மத்தியானம் விளக்கேத்தினதும் எம் பக்கத்துல வந்து உக்காந்து பேசுறது யாரு?"

சகுந்தலா எட்டி, படத்தை ஆணியிலிருந்து தூக்கினாள். தூக்கியதுமே கழுத்து லேசானது. ஒரு வருஷத்துக்குப்பின் மூச்சு நெஞ்சு நிறைய இறங்கியது. அதே நொடியில் உள்ளறையில் அந்தப் பெண், "அம்மா, வயிறு!" என்று அலறினாள்.

ஸ்ரீதேவி தடாலென்று காலில் விழுந்தாள். "எடுக்காதீங்க. புள்ள பொறக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

அத்தனை நாள் தன்னால் தாங்க முடியுமா என்று சகுந்தலாவுக்குத் தெரியவில்லை. போய்விட வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. உள்ளே மறுபடியும் அலறல் கேட்டது.

படத்தை ஆணியில் மாட்டினாள். உள்ளே சத்தம் அடங்கியது. ஸ்ரீதேவிக்கு அதைத் தொடக் கை வரவில்லை. சகுந்தலாவே வாடிய மாலையைக் கழற்றிவிட்டு, தான் கட்டிக்கொண்டுவந்ததைப் போட்டாள்.

"நாளைக்கு மாலைய நானே எடுத்துகினு வரேன்" என்றாள்.