கப்பல் வருமோ என்று கேட்டாள்

ஒஸ்லோவில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் நான் அமெரிக்கக் கொடி பிடித்து நின்றிருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, பனி உருகித் தெருவோரமெல்லாம் சேறாகக் கிடந்த நாட்கள். வன்னியில் இலங்கை இராணுவம் சனங்களை ஒரு துண்டுக் கடற்கரைக்குள் ஒதுக்கி அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துண்டுக்குள் என் தங்கை, புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள்.

அமெரிக்கக் கப்பல் வந்து சனத்தை ஏற்றப்போகிறது என்று ஒரு கதை வந்தது. யார் தொடக்கியது என்று தெரியாது. கோயிலில் கதைத்தார்கள், கடையில் கதைத்தார்கள், இணையத்தில் எழுதினார்கள். மோர்டென்ஸ்ருட்டில் இருந்த நண்பனின் வீட்டு நிலவறையில் பதாகைகள் எழுதினோம். கொடி வாங்கி வந்தவனும் அவன்தான்.

"எங்கடை கொடியைப் பிடிச்சா அவங்களுக்கு விளங்காது மச்சான். அவங்கடையைப் பிடிச்சா ஒருக்கா எண்டாலும் யன்னலாலை எட்டிப் பாப்பாங்கள்," என்றான்.

ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போது ரொம்சோஸுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டி விரிப்பு மாற்ற இரண்டு பேர் வேண்டும். என் சோடி ஒரு பிலிப்பைன்ஸ்காரி, என்னைவிட மூத்தவர். இருவரும் அரைகுறை நோர்வேஜிய மொழியில் கதைப்போம். அவர் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்.

ஒரு காலை, முன்பு கப்பலில் வேலை செய்த கிழவர் ஒருவரைப் புரட்டிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை என் ஷிப்டைச் செய்ய முடியுமா என்று பிலிப்பைன்ஸ்காரியிடம் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். தூதரகம், கொடி, கப்பல்.

அவர் விரிப்பின் மூலையை மெத்தைக்குக் கீழே செருகினார்.

"அமெரிக்கன் கப்பலோ? எங்களுக்கும் வந்தது. நூறு வருசத்துக்கு முதல், மணிலாவுக்கு."

"மணிலாவோ?" என்றார் கிழவர், என் கைக்குள் கிடந்தபடி. "நான் போயிருக்கிறன். பியர் நல்லது."

"நீ பேசாமல் கிட," என்றார் பிலிப்பைன்ஸ்காரி. கோபமில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்பெயின்காரனை எங்கடை ஆக்கள் அடிச்சுக் கலைச்சுக்கொண்டு வந்திட்டினம். மணிலா மட்டும்தான் மிச்சம். அப்ப கப்பல் வந்தது, சிநேகிதர் எண்டு. எங்கடை சனம் கரையிலை நிண்டு கையைக் காட்டினது. பிறகு ஸ்பெயின்காரனும் அமெரிக்கனும் ஒரு பொய்ச் சண்டை பிடிச்சு, நகரத்தைக் கைமாத்தினாங்கள். எங்கடை ஆக்களை வாசலுக்குள்ளையும் விடேல்லை. கடைசியிலை நாட்டையே காசு குடுத்து வாங்கினாங்கள்."

"பேந்து?"

"பேந்து அவங்களோடை சண்டை. என்ரை பூட்டன் பத்தங்காஸ் மலையிலை, வெட்டுக்கத்தியோடை. அவரைப் பிடிக்கேலாமல் ஊரையே கம்பிக்குள்ளை அடைச்சாங்கள். வெளியிலை இருந்த நெல்லைக் கொளுத்தி, எருமையளைச் சுட்டாங்கள். என்ரை பூட்டியும் உள்ளை. வாந்திபேதி வந்து அவவின்ரை பிள்ளையள் செத்ததுகள். தப்பினது ஒண்டு. அதின்ரை பேத்திதான் நான்."

எனக்கு எரிச்சல் வந்தது. "அது பழங்கதை. என்ரை தங்கச்சி இப்ப கரையிலை நிக்கிறாள்."

"ஓம். அதுக்குத்தான் சொல்லுறன். சனிக்கிழமை நான் செய்யிறன், நீ போ."

சனிக்கிழமை கொடியைச் சுருட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கும்போது தொலைபேசி அடித்தது. தங்கை. யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசி. பின்னால் மற்றவர்கள் கெதியாய் முடி என்று கத்துவது கேட்டது.

"அண்ணை, இஞ்சை கொஞ்சச் சனம் களப்புக்குள்ளாலை ஆமியின்ரை பக்கம் போகுது. இவர் கப்பல் வரும், நிப்பம் எண்டுறார். நீங்கள் அங்கை நிக்கிறியள், உங்களுக்குத் தெரியும். கப்பல் வருமோ?"

"வராது. பிள்ளையளைக் கொண்டு போ."

"எம்பசியிலை சொன்னவங்களோ?"

"இல்லை. வேலையிலை ஒரு அக்கா சொன்னவ."

"ஆர் அக்கா?"

"பிலிப்பைன்ஸ்காரி."



"உங்களுக்கென்ன விசரோ அண்ணை," என்றாள். தொடர்பு அறுந்தது.

அன்றும் தூதரகத்துக்குப் போனேன். கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தச் சொன்னபோது கத்தினேன். வேறு என்னத்தைச் செய்வது.

பிறகு ஒரு செய்தியும் இல்லை. வேலைக்குப் போனேன், புரட்டினேன், விரித்தேன். சாப்பாடு இறங்கியது, நித்திரையும் வந்தது. அதுதான் எனக்கே விளங்கவில்லை.

மே பதினேழு நோர்வேயின் தேசிய நாள். முதியோர் இல்லத்தில் மேசைக்கு மேசை சின்னக் கொடிகள், கிறீம் கேக். வெளியே பிள்ளைகள் வாத்தியத்தோடு ஊர்வலம் போனார்கள். வவுனியாவில் இருந்த மச்சாள் தொலைபேசி எடுத்தாள். தங்கையையும் பிள்ளைகளையும் முகாமில் கண்டாளாம், முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். புருஷன் இல்லை. அவன் கப்பலுக்கென்று கரையிலேயே நின்றுவிட்டான்.

பிலிப்பைன்ஸ்காரியிடம் சொன்னேன். கட்டிப்பிடிப்பார், அழுவார் என்று நினைத்தேன். அவர் கேக் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"கம்பிக்கு உள்ளையோ?"

"ஓம்."

"தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடிக்கச் சொல்லு. இண்டைக்கே சொல்லு."

கழிவறைக்குள் போய் நின்று மச்சாளுக்கு எடுத்தேன். அடுத்த முறை போகும்போது மறக்காமல் சொல்லச் சொன்னேன்.

"சொல்லலாம் அத்தான்," என்றாள். "கொதிக்க வைக்க விறகு வேணுமெல்லோ."